டெரிஃப்ளுனமைடு சாப்பிடுகிறேன், குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம்?

உறையூர்ப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதத் தைரியம் வந்தது. வயது 29. 2021-ல் வலது கண் திடீரென்று மங்கியது, கண் டாக்டர் நியூரோவிடம் அனுப்பினார், எம்ஆர்ஐ, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது எல்லாம் முடிந்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்றார்கள், நம் எதிர்ப்பு சக்தியே மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்குகிற நோய். அடுத்த வருடம் இடது கால் மரத்துப்போய் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். அதிலிருந்து நோயை அடக்கி வைக்க டெரிஃப்ளுனமைடு 14 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. முடி கொஞ்சம் கொட்டியதைத் தவிர வேறு தொல்லை இல்லை, புது அட்டாக்கும் (கண் மங்கியது, கால் மரத்தது மாதிரி நோய் திடீரென்று தலைதூக்குவது) இல்லை.

கல்யாணமாகி ஒன்றரை வருடம். கணவருக்கு எல்லாம் தெரியும், பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டோம். மாமியாரிடம் மட்டும் "நரம்பு கொஞ்சம் வீக்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவர் நல்லவர்தான், ஆனால் மாதம் தவறாமல் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டுவிடுகிறார். அவர் கேட்காத மாதம் பக்கத்து வீட்டம்மா கேட்கிறார்.

போன மாதம் டாக்டரிடம் கேட்டேன். "இந்த மாத்திரையில் இருக்கும்போது கர்ப்பமே ஆகக் கூடாது, இப்போதைக்கு வேண்டாம்" என்றார், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போதைக்கு என்றால் எவ்வளவு நாள்? சொந்தத்தில் ஒருவர் "பிள்ளை பெற்றால் படுத்த படுக்கைதான்" என்று சொல்லி வைத்திருக்கிறார், அது உண்மையா? குழந்தைக்கும் இது வருமா? நாங்கள் இப்போது ஆணுறை மட்டும்தான் பயன்படுத்துகிறோம். ஒரு தடவை நான்கு நாள் தள்ளிப்போய், அந்த நான்கு ராத்திரியும் நான் தூங்கவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோவை அக்கா:

கண்ணு, உன் டாக்டர் சொன்னதில் தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன். எனக்கு 2017-ல் எம்எஸ், பையனுக்கு இப்போது நான்கு வயது. நானும் அதே மாத்திரையில் இருந்தவள்தான்.

டெரிஃப்ளுனமைடு மற்ற மாத்திரை மாதிரி நிறுத்தியதும் போய்விடாது. தானாக உடம்பை விட்டுப் போக சராசரியாக எட்டு மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம் வரைகூட ரத்தத்தில் தங்கும். விலங்குகளில் சோதித்தபோது கருவுக்குக் கெடுதல் தெரிந்ததால்தான் இவ்வளவு கெடுபிடி. தெரியாமல் கர்ப்பமான பெண்களின் பதிவேடுகளில் இதுவரை அப்படிப் பெரிதாக எதுவும் தெரியவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைவு, அதை நம்பி யாரும் துணிந்து இறங்க மாட்டார்கள். ஒருவேளை மறுபடி நாள் தள்ளினால் நான்கு நாள் விழித்துக்கொண்டு கிடக்காதே. அன்றைக்கே டெஸ்ட் பண்ணு, பாசிட்டிவ் என்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடு.

மருந்தைச் சீக்கிரம் வெளியேற்ற வழி இருக்கிறது. கொலஸ்டைரமின் என்று ஒரு பொடி, கொலஸ்ட்ராலுக்குக் கொடுப்பது. 8 கிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, 11 நாள். மணலைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும், மலச்சிக்கல் உயிரை வாங்கும், எனக்கு ஐந்தாம் நாளே அழுகை வந்துவிட்டது. தாங்காதவர்களுக்கு அளவைப் பாதியாகக் குறைப்பார்கள். அது முடிந்ததும் ரத்தத்தில் மருந்தின் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை. நான் போன லேபில் இந்த டெஸ்ட்டின் பெயரைக் கேட்டு விழித்தார்கள், ரத்தத்தை வெளியூருக்கு அனுப்ப டாக்டர்தான் ஏற்பாடு செய்தார். ஆகவே பொடியை ஆரம்பிக்கும் முன்பே டெஸ்ட் எங்கே எடுப்பது என்று கேட்டு வைத்துக்கொள்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: மருந்து போய்விட்டது, கர்ப்பம் இன்னும் ஆகவில்லை, நடுவில் உனக்குக் காவலே இல்லை. உனக்கு உடனே தங்கலாம், ஒரு வருடமும் ஆகலாம். அந்த நாட்களுக்கு என் டாக்டர் கிளாட்டிராமர் ஊசி கொடுத்தார், 40 மில்லிகிராம், வாரம் மூன்று முறை தோலுக்கு அடியில் நாமே போட்டுக்கொள்வது. இன்டர்ஃபெரானும் கொடுப்பார்கள். இரண்டும் பழைய மருந்துகள், கர்ப்பத்தில் பல வருட அனுபவம் இருக்கிறது, ஐரோப்பாவில் 2019-ல் இன்டர்ஃபெரானோடு வரும் குறிப்புச் சீட்டிலிருந்தே கர்ப்பத்தில் போடக் கூடாது என்ற தடையை எடுத்துவிட்டார்கள். எனக்கு முயற்சி தொடங்கிய எட்டாவது மாதத்தில் தங்கியது, ஊசியை நிறுத்தவே இல்லை. நோய் வேகமாக இருப்பவர்களுக்கு இந்த ஊசிகள் போதாது, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தை ஏற்றிவிட்டுச் சில மாதம் கழித்து முயற்சி செய்யச் சொல்கிற டாக்டர்களும் உண்டு (மருந்தின் சீட்டில் 12 மாதம் என்று போட்டிருக்கும், எவ்வளவு குறைப்பது என்பது அவர்கள் உன் நோயைப் பார்த்து முடிவு செய்வது). பொதுவாக ஒரு வருடமாவது அட்டாக் இல்லாமல் இருந்த பிறகு முயற்சி செய்வது நல்லது என்பார்கள். அந்த விஷயத்தில் நீ நல்ல இடத்தில்தான் இருக்கிறாய்.

படுத்த படுக்கை கதைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் டாக்டர்களே எம்எஸ் உள்ள பெண்களிடம் பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அந்தப் பேச்சின் மிச்சம் இது. 1998-ல் ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கர்ப்பத்துக்கு முந்தைய வருடம் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.7 அட்டாக். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அது வருடத்துக்கு 0.2 என்ற அளவுக்கு இறங்கியது. பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில் 1.2 ஆக ஏறியது, அப்புறம் பழைய நிலைக்கே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் மருந்தே எடுக்காதவர்கள், அதையும் சேர்த்துப் பார். வயிற்றில் இருக்கும் குழந்தையை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தி அடங்கி இருக்கிறது, நம் நோய்க்கு அது மருந்து மாதிரி. பிள்ளை வெளியே வந்ததும் ஹார்மோன் எல்லாம் ஒரேயடியாக இறங்கி, அடங்கி இருந்தது நிமிர்ந்துவிடுகிறது.

அதனால் ஒன்பது மாதத்தைப் பற்றி அவ்வளவு பயப்படாதே, பிள்ளை பிறந்த பிறகு வரும் மூன்று மாதத்துக்குத்தான் திட்டம் வேண்டும். எனக்கு அந்தத் திட்டம் இல்லை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். பச்சை உடம்பு, காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சாம்பிராணி போட்டு, வெந்நீரைத் தலையோடு ஊற்றினார்கள். கால் இரண்டும் இரும்பாகிவிட்டது, அட்டாக் என்று நினைத்து அலறிவிட்டேன். வெறும் சூடு கண்ணு. நமக்கு உடம்பு சூடேறினால் பழைய அறிகுறி எல்லாம் எட்டிப் பார்க்கும், ஆறினால் போய்விடும். நிஜ அட்டாக் ஏழாவது வாரம் வந்தது, இடது கை மரத்து இரண்டு நாளாகியும் போகவில்லை, காய்ச்சலும் இல்லை. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு கிராம் வீதம் மூன்று நாள். டிரிப் முடிந்து நான்கு மணி நேரம் கழித்துப் பால் கொடுத்தேன். கை திரும்பிவிட்டது, சுண்டு விரலில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

புதுப் பெண்ணை ஆடியில் அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்வது சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்காமல் இருக்கத்தான் என்பார்கள். எம்எஸ்காரிக்கு யோசித்து வைத்த மாதிரியே இருக்கிறது. என் பையன் பிறந்தது அக்னி நட்சத்திரத்தில்.

தேனி செவிலி:

நான் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன், நரம்பு விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கருத்தடை பற்றி மட்டும் சொல்கிறேன். டெரிஃப்ளுனமைடு சாப்பிடும்போது ஆணுறையை மட்டும் நம்பி இருப்பது சரியில்லை ம்மா. காப்பர்-டி போட்டுக்கொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம், வேண்டும் என்கிற நாளில் எடுத்துவிடலாம், எடுத்த மாதமே கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு. குழந்தை பெறாதவர்களுக்குப் போட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கருத்தடை மாத்திரையால் எம்எஸ் மோசமாவதில்லை. ஆனால் மேலே அக்கா சொன்ன பொடி குடலில் அந்த மாத்திரையையும் பிடித்துக்கொண்டு வெளியேற்றிவிடும், அந்த 11 நாளில் மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. நடமாட்டம் ரொம்பக் குறைந்து படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது, அவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், ஏற்கெனவே அடிக்கடி ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம். அவசரத்துக்குச் சாப்பிடும் மாத்திரை இருக்கிறதே என்றும் இருந்துவிடாதீர்கள், நம் ஊரில் பல மெடிக்கல் ஷாப்பில் அதை வைத்திருப்பதே இல்லை, கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

கர்ப்பமானதும் கிராம செவிலியரிடம் பிக்மி பதிவு (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) போடும்போது எம்எஸ் இருப்பதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். பிரசவ நேரத்தில் கால் பின்னுவதைப் பார்த்துவிட்டு நாங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், கர்ப்பத்தில் அது சாதாரணமாகவே வரும், உங்களுக்கு வந்தால் அட்டாக் மாதிரி வேஷம் போடும். எம்எஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. முதுகில் மயக்க ஊசி போடலாம், அதனால் அட்டாக் வருவதில்லை. ஃபோலிக் ஆசிட் முயற்சி தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

நெல்லைச்சீமை:

இங்கிலீஷ் மருந்தையெல்லாம் உடனே நிறுத்திவிட்டு வல்லாரை, அமுக்கிராக் கிழங்கு ஒரு மண்டலம் சாப்பிடுங்கள். நரம்பும் முறுக்கேறும், கருவும் தங்கும். எங்கள் குடும்ப வைத்தியர் நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறார்.

கோவை அக்கா:

ஐயா, 48 நாளில் அந்தப் பெண்ணின் ரத்தத்தில் இருக்கிற டெரிஃப்ளுனமைடு முழுதாகப் போயிருக்காது. நீங்கள் சொன்னபடி கரு தங்கினால் மருந்தோடு சேர்ந்துதான் தங்கும். வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மஞ்சள்கிழங்கு:

சின்னதாக ஒன்று. கண்ணில் ஆரம்பித்தது என்கிறீர்கள், எம்எஸ் மாதிரியே தெரியும் வேறு நோய்களைக் கண்டுபிடிக்கிற அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்த டெஸ்ட் எடுத்தார்களா? மாக் ஆன்டிபாடியும்? எனக்கும் முதலில் எம்எஸ் என்றுதான் சொன்னார்கள், இரண்டு வருடம் கழித்துத்தான் அது என்எம்ஓ (பார்வை நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்குகிற வேறு நோய்) என்று தெரிந்தது. இரண்டும் பார்க்க ஒன்று போலத் தோன்றும், கர்ப்ப விஷயத்தில் கணக்கே வேறு. என்எம்ஓவில் கர்ப்ப காலத்தில் நோய் அடங்கும் என்று நம்பி மருந்தை நிறுத்த முடியாது, எனக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் அஸதயோபிரின் மாத்திரை கடைசி வரை ஓடியது. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் இதற்குக் கெடுதல். நிறுத்துவது, மாற்றுவது பற்றி முடிவு செய்வதற்கு முன் பழைய ஃபைலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

தாம்பரம் ரயிலடி:

சகோதரி, இது உங்கள் கணவருக்கு எழுதுவது, அவரிடம் காட்டுங்கள்.

என் மனைவிக்கு எம்எஸ் தெரிந்தபோது மகளுக்கு இரண்டு வயது. இரண்டாவது குழந்தை வேண்டுமா என்று ஒரு வருடம் பேசினோம், வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவளுக்கு நடை ஏற்கெனவே தடுமாற ஆரம்பித்திருந்தது, மருந்துச் செலவு வேறு. ஆபரேஷனை யார் செய்துகொள்வது என்ற பேச்சு வந்தபோது நானே போய் வாசக்டமி செய்துகொண்டேன். தழும்பு தெரியாத அளவு சின்னத் துளை, அரை மணி நேரத்துக்குள் முடிந்தது, மறுநாளே மெதுவாக நடமாடினேன். செய்த உடனே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதியாகும் வரை ஆணுறை வேண்டும், அதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். என் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "ஆம்பளைக்கு எதுக்குடா" என்பதுதான் அவர் கேள்வி. ஏற்கெனவே ஊசியும் ஸ்கேனுமாக இருக்கிறவளை இதற்கும் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் வேண்டாம் என்று சொன்னதால் நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களுக்கு நோய் அடங்கி இருக்கிறது, வயதும் இருக்கிறது. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது என்று இப்போதே பேசிவிடுங்கள். பால் கொடுப்பது நல்லது, முழுக்கத் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு அட்டாக் குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் அப்பன் செய்யலாம். மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு, அதில் பிரசவத்துக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பார்த்துப் பிரியுங்கள், பின்னால்தான் அதிகம் தேவை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் எம்எஸ்ஸும் இருக்கிறது, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சலுகைகள் கிடைக்கும்.

அப்புறம் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று மாதம் வீட்டில் இருக்கப் போவது அவர்தான். எதற்கு ஃபேன் போட வேண்டும், எதற்கு மருமகள் தூங்க வேண்டும் என்று தெரியாத ஒருவரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

உறையூர்ப்பெண்:

எல்லோருக்கும் நன்றி, இதை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஃபைலை எடுத்துப் பார்த்தேன், 2021-லேயே அக்வாபோரின் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள், நெகட்டிவ். மாக் எடுக்கவில்லை, எழுதி வைத்துக்கொண்டேன். குழந்தைக்கு வருமா என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

கோவை அக்கா:

அட, விட்டுவிட்டேன். இது நேராக அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற நோய் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நூற்றில் இரண்டு மூன்று வாய்ப்பு என்று மேல்நாட்டுக் கணக்கு. மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் 97 பிள்ளைகளுக்கு வராது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அதற்கென்று கருவில் பார்க்கிற டெஸ்ட் எதுவும் கிடையாது, யாராவது எழுதிக் கொடுத்தால் காசு கட்டாதே.

உறையூர்ப்பெண்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். காப்பர்-டி போட்டாகிவிட்டது, முதல் சில நாள் உதிரப்போக்கு அதிகம், இப்போது பரவாயில்லை. டாக்டரிடம் இந்த முறை கடைசி டோக்கன் வாங்கிக்கொண்டு போனோம், பின்னால் ஆள் இல்லாததால் இருபது நிமிடம் பேசினார். மாக் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எம்ஆர்ஐ ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, புதுத் தழும்பு இல்லை என்றால் தை மாதம் மாத்திரையை நிறுத்தி அந்தப் பொடி, அப்புறம் ஊசி, ரத்தத்தில் மருந்து போய்விட்டது என்று இரண்டு தடவையும் தெரிந்த பிறகு காப்பர்-டியை எடுப்பது என்று முடிவு. உடனே தங்கினால் எந்த மாதம் பிரசவம் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், வெயில் தப்பிவிடுகிறது.

மாமியாரிடமும் சொல்லிவிட்டோம். கணவர்தான் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "இதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க" என்று ஒரு தடவை கேட்டார், அதற்கு எங்களிடம் பதில் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, அந்தப் பொடியை மோரில் கலந்து குடிக்கலாமா என்று கேட்டார். அக்கா, கலக்கலாமா?

கோவை அக்கா:

நான் பாதி நாள் மோரில்தான் குடித்தேன், பாதி நாள் ஆரஞ்சு ஜூஸில். கரைத்து உடனே குடிக்காதே, இரண்டு நிமிடம் ஊறட்டும். மற்ற மாத்திரை எதுவாக இருந்தாலும் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுவிடு, இல்லை என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து. மோரில் பெருங்காயம் கொஞ்சம் கூடப் போடச் சொல் உன் மாமியாரிடம்.